சனத்தை எத்தனை மணிக்கு எழுப்புவது? வன்னி வீதிகளில் வெளியேற்றக் கணக்குப் போடத் தொடங்குவோருக்கு

மாரி நெருங்கினால் வன்னிப் பிரதேச செயலகங்களில் அனர்த்த முன்னாயத்தக் கூட்டங்கள் தொடங்கிவிடும். உலர் உணவு எங்கே இருக்கிறது, படகு யாரிடம் இருக்கிறது, பாடசாலைத் திறப்பு அதிபரிடமா காவலாளியிடமா என்றெல்லாம் பேசுவார்கள். ஒரு கேள்விக்கு மட்டும் அங்கே பெரும்பாலும் பதில் கிடைக்காது: இந்த ஊர்ச் சனம் முழுவதும் வீதியால் வெளியேறிப் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச்சேர எத்தனை மணித்தியாலம் வேண்டும்? அது தெரியாவிட்டால் எத்தனை மணிக்கு அறிவித்தல் கொடுப்பது என்றும் தெரியாது. நள்ளிரவில் குளம் நிரம்பி, மேலதிக நீரை வெளியே விடும் வான்கதவு திறந்த பிறகு ஒலிபெருக்கியோடு ஓடுவதுதான் மிஞ்சும்.

அந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. கூட்டல், பெருக்கல், பிரித்தல் தெரிந்த ஒரு இளைஞர் கழகமோ மாதர் சங்கமோ இரண்டு மூன்று வாரத்தில் செய்து முடிக்கலாம். கணினி பிறகு வரட்டும். மடிக்கணினியோடு தொடங்கியவர்கள் பலர் வீதிப் படத்தை அழகாக வரைந்துவிட்டு, அந்த வீதியில் வரப்போகும் உழவு இயந்திரப் பெட்டிகளை எண்ண மறந்திருக்கிறார்கள். என் அனுபவத்தில் வன்னியில் நேரம் போவது இரண்டு இடங்களில்: வீட்டுப் படலையடியில், அடுத்தது ஊருக்கு வெளியே போகும் ஒற்றைப் பாலத்தில். இடையில் கிடக்கும் நீண்ட வீதி அவ்வளவு நேரத்தைத் தின்னாது.

முதலில்: எதற்காக வெளியேறுகிறோம்?

ஒவ்வொரு ஆபத்துக்கும் கணக்கு வேறு. சுனாமி, புயல், குளத்து வெள்ளம் மூன்றையும் ஒரே தாளில் போடாதீர்கள்.

சுனாமிக்கு வாகனக் கணக்கே வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தபோது இலங்கையில் அப்போதைய நேரப்படி காலை 6.58. அலை நம் கிழக்குக் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் ஆனது. அந்த இரண்டு மணித்தியாலமும் எவருக்கும் பயன்படவில்லை, ஏனென்றால் அறிவித்தலே வரவில்லை. இப்போது அறிவித்தல் வந்தாலும், செய்தி உறுதியாகி ஊருக்கு வந்துசேர்வதற்குள் அதில் ஒரு பங்கு போய்விடும். முல்லைத்தீவு நகரம் கடலுக்கும் நந்திக்கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது. அங்கே எல்லாரும் மோட்டார் சைக்கிளை எடுத்தால் சந்தியில் முட்டி நிற்பார்கள். கடற்கரை ஊருக்கு நடை வழியும் அந்த நடைக்கு எடுக்கும் நேரமும்தான் தேவை. முழங்கால் வலியுள்ள ஒரு ஆச்சியோடு நடந்து பார்த்து அந்த நேரத்தை எடுங்கள், இளந்தாரியோடு அல்ல.

புயல் அப்படியல்ல. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடைப்பட்ட கரையால் ஏறியபோது முன்கூட்டியே எச்சரிக்கை இருந்தது. புயலில் கணக்கு முடியும் நேரம் புயல் கரையேறும் நேரம் அல்ல. மரம் முறிந்து வீதியில் விழத் தொடங்கும் நேரமே கடைசி. அது பல மணித்தியாலம் முந்திவிடும்.

மூன்றாவது, குளத்து வெள்ளம். வன்னிக்கு இதுதான் அடிக்கடி வருவது. 2018 டிசம்பர் 21, 22 இரவு பெய்த மழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பாதிக்கப்பட்டன. கனகராயன் ஆற்றின் கீழ்ப்பக்கமுள்ள பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளைப் பக்கத்து ஆக்களுக்கு அந்த இரவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கீழே போடும் கணக்கு இந்த மூன்றாவது வகைக்கானது.

வரைபடத்தில் கழுத்தைக் கண்டுபிடியுங்கள்

ஊரை ஒரு போத்தல் என்று நினையுங்கள். எவ்வளவு பெரிய போத்தலாக இருந்தாலும் தண்ணீர் வெளியேறும் வேகத்தைக் கழுத்துத்தான் முடிவு செய்யும். உங்கள் ஊரின் கழுத்து எது?

வன்னியின் பெருவீதிகள் சில. தெற்கு வடக்காக ஏ9: வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கு ஏ34. பரந்தனிலிருந்து தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, வட்டுவாகல் வழியாக முல்லைத்தீவுக்கு ஏ35. மேற்கே பூநகரி வழியாக மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் தொடுக்கும் ஏ32. சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறந்த பிறகு அந்த வீதிக்கு வடக்கு வாசலும் கிடைத்தது. இவற்றில் ஏறியவர்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை. ஏறுவதற்கு முன்னுள்ள கிரவல் ஒழுங்கை, வாய்க்கால் மேல் போட்ட ஒற்றைத் தட மதகு, தண்ணீர் குறுக்கே பாயும் தாழ்பாலம், இவைதான் கழுத்து.

செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து மட்டும் இதை முடிவு செய்யக் கூடாது. கமக்கார அமைப்பின் ஆட்களை ஒரு பின்னேரம் கூப்பிட்டு, பெரிய தாளில் வீதிகளைக் கீறிவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: "வான் பாய்ஞ்சால் முதலில் எந்த மதகு மூடும்?" எங்கள் பக்கத்தில் கேட்டபோது, நான் பிரதான வழி என்று சிவப்பில் கீறியிருந்த வீதியை ஒரு ஐயா விரலால் தட்டி, "இது முதல் மணித்தியாலத்திலேயே போயிடும் தம்பி, பின்னால உள்ள குளக்கட்டு வழிதான் கடைசி மட்டும் நிக்கும்" என்றார். அந்த ஒரு வசனம் எனக்கு இரண்டு வாரத்து வேலையை மிச்சப்படுத்தியது. ஒவ்வொரு மதகுக்கும் பக்கத்தில், வான்கதவு திறந்து எத்தனை மணித்தியாலத்தில் அதை வெள்ளம் மூடும் என்று அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நீர்ப்பாசனத் திணைக்களத்தில் காட்டிச் சரிபாருங்கள்.

மாற்று வழியாகக் குறுக்குப் பாதை ஒன்றைக் காட்டுவதாக இருந்தால், அது கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட நிலமா என்று உறுதிப்படுத்தாமல் தாளில் கீறாதீர்கள். காட்டு வழியென்றால் இரவில் யானை கடக்கும் இடங்களையும் குறியுங்கள்.

வீட்டுக்கு வீடு எண்ணுவது

கிராம அலுவலரிடம் குடும்ப எண்ணிக்கை இருக்கும். அது தொடக்கம் மட்டுமே. உங்களுக்கு வேண்டியது: இந்த வீட்டிலிருந்து எந்த வாகனம் புறப்படும்? வீட்டில் நிற்கும் வாகனம் எல்லாம் புறப்படாது, புறப்படும் வாகனம் எல்லாம் வீட்டில் நிற்பதுமில்லை. மோட்டார் சைக்கிள் இரண்டு இருந்தும் ஓடத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றால் கணக்கு ஒன்று. பெரியப்பாவின் உழவு இயந்திரத்தை நம்பி மூன்று வீடு இருக்கும். கேட்டால்தான் தெரியும்.

கேட்கும்போது சேர்த்து அறிய வேண்டியவை: தனியே நடக்க முடியாதவர், கர்ப்பிணி, கைக்குழந்தை, மாடு ஆடு எத்தனை, வெளிநாட்டிலோ கொழும்பிலோ ஆள் இருக்க இங்கே தனியாக இருக்கும் முதியோர். மாட்டை விட்டுவிடாதீர்கள். பட்டி மாடு வைத்திருப்பவர் மாட்டை அவிழ்த்துத் திட்டிப் பக்கம் துரத்திவிட்டுத்தான் வெளிக்கிடுவார். அதற்கு ஒரு மணித்தியாலம் எடுக்கும் என்றால் உங்கள் கணக்கிலும் அந்த ஒரு மணித்தியாலம் வர வேண்டும். மாட்டை விட்டு வரச் சொல்லும் திட்டம் தாளில் மட்டும்தான் நடக்கும்.

எல்லா வாகனத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர "கார் அலகு" என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு கார் 1. இந்தியாவில் வீதித் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய வீதிக் காங்கிரசின் கிராம வீதிகளுக்கான அளவில் மோட்டார் சைக்கிளும் துவிச்சக்கர வண்டியும் 0.5, ஓட்டோ 1, பஸ்ஸும் லொறியும் 3, பெட்டி பூட்டிய உழவு இயந்திரம் 4.5. மாட்டு வண்டி 8. கையால் பிடித்து ஓட்டும் இருசில்லு உழவு இயந்திரமான நம் லாண்ட்மாஸ்டருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. பெட்டியோடு 3 என்று நான் போடுகிறேன். உங்கள் வீதியில் அது காரைவிட எத்தனை மடங்கு இடத்தையும் நேரத்தையும் பிடிக்கிறது என்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பாலத்தடியில் நின்று எண்ணுவது

கைநூல்களில் பார்த்தால், இருவழி வீதியில் ஒரு திசைக்கு மணிக்கு 1,700 கார் போகலாம் என்று இருக்கும். அமெரிக்க வீதிக் கொள்ளளவுக் கைநூலின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு சொல்வது அது. நல்ல தார், நல்ல வெளிச்சம், காலநிலை நல்லது, எல்லாம் கார் என்றால் சரி. மழை இருட்டில், மதகில், கலப்பு வாகனத்தோடு அந்த எண்ணை எடுத்துப் பயன்படுத்தினால் ஊர் ஒரு மணித்தியாலத்தில் காலியாகிவிடும், கடதாசியில்.

ஆகவே நேரில் எண்ண வேண்டும். எண்ணுவதற்கு நெரிசல் வேண்டும், பின்னால் வரிசை நிற்கும்போதுதான் பாலம் விடக்கூடிய உச்ச அளவு தெரியும். சாதாரண நாளில் வன்னி வீதியில் நெரிசலுக்கு எங்கே போவது? திருவிழாவுக்குப் போங்கள். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு வராத ஊர் இல்லை. இரவு முழுக்கச் சனம், பிறகு எல்லாரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வீடு திரும்புவார்கள். குழந்தை, பாத்திரம், பாய், உழவு இயந்திரப் பெட்டி நிறையக் குடும்பம், எல்லாம் ஒரே வீதியில். வெளியேற்றத்துக்கு இதைவிட நெருங்கிய ஒத்திகை நமக்கு வேறில்லை. மன்னார்ப் பக்கத்தவர்களுக்கு ஆவணி மடு மாதா திருவிழா. உங்கள் கழுத்து அந்த வழியில் இல்லாவிட்டாலும், அதே அகலமுள்ள ஒரு பாலத்தில் நின்று எண்ணலாம்.

எண்ணும் முறை இது. மூன்று பேர். ஒருவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரம் சொல்வார். ஒருவர் போகும் பக்கம், ஒருவர் வரும் பக்கம். கொப்பித் தாளில் வாகன வகைக்கு ஒரு நிரல், ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே. வரிசை நிற்கும் ஐந்து நிமிடங்களை மட்டும் எடுத்து, கார் அலகாக்கி, பன்னிரண்டால் பெருக்கினால் மணிக்கு எவ்வளவு என்று வரும். ஆறு ஏழு தடவை எடுத்து நடு எண்ணைப் பிடியுங்கள். உச்ச எண்ணைப் பிடிக்காதீர்கள். மழை நாளில் ஒருமுறை எண்ண முடிந்தால் அதுவே உங்களுக்குக் கிடைத்த மிகப் பெறுமதியான தாள்.

வீட்டுப் படலையில் போகும் நேரம்

அறிவித்தல் கொடுத்த நிமிடமே எவரும் புறப்படுவதில்லை. செய்தி காதுக்கு எட்ட வேண்டும், நம்ப வேண்டும், பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும், சாமான் கட்ட வேண்டும். உலகெங்கும் இந்தத் துறையில் இதை ஒரு வளைகோடாகக் கீறுகிறார்கள்: தொடக்கத்தில் சிலர், நடுவில் பெருங்கூட்டம், கடைசியில் இழுபடும் சிலர். சாய்ந்த "எஸ்" எழுத்துப் போல இருக்கும்.

வன்னியில் இந்தக் கோட்டுக்கு வேறு ஒரு பாரமும் இருக்கிறது. இங்கே எவரும் "வெளியேற்றம்" என்று சொல்வதில்லை, "இடம்பெயர்வு" என்றுதான் சொல்வோம். அந்தச் சொல்லுக்குள் என்ன கிடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். 1995 ஒக்டோபர் 30 மழை இரவில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் அங்குலம் அங்குலமாக நகர்ந்து, பிறகு கிளாலிக் கடலேரியால் வன்னிக்கு வந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். 2008, 2009இல் மன்னார்க் கரையிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை பத்து, பதினைந்து தடவை கூடாரம் கட்டிக் கழற்றியவர்கள் இருக்கிறார்கள். இரண்டு நாள் வெள்ளத்துக்குப் போய் வாருங்கள் என்று ஒரு அலுவலர் சொன்னாலும், அவர்கள் கை தானாகக் காணி உறுதியையும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் தேடும். சிலர் வேளைக்கே போய்விடுவார்கள். சிலர், "இனி ஒருக்காலும் வீட்டை விட்டுப் போகமாட்டன்" என்று கதிரையைப் போட்டு முற்றத்தில் இருப்பார்கள். இரண்டு பேரையும் நான் மதிக்கிறேன். கணக்குப் போடுபவர் இருவரையும் எண்ண வேண்டும்.

எப்படி எண்ணுவது? கேட்டுத்தான். "2018 வெள்ளத்துக்கு எத்தனை மணிக்குக் கேள்விப்பட்டீங்கள்? எத்தனை மணிக்குப் படலையைத் தாண்டினீங்கள்?" இந்த இரண்டு கேள்வியை ஐம்பது வீட்டில் கேட்டால் உங்கள் ஊரின் வளைகோடு கையில் வந்துவிடும். வேறு நாட்டுக் கோட்டை இரவல் வாங்கத் தேவையில்லை.

கடதாசிக் கணக்கு

இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கீழுள்ள எண்கள் முறையை விளக்க நான் வைத்தவை. உங்கள் எண்களை அந்தந்த இடத்தில் போடுங்கள்.

ஒரு ஊரில் 1,200 குடும்பம், 4,000 பேர். புறப்படுபவை: மோட்டார் சைக்கிள் 800, துவிச்சக்கர வண்டி 300, ஓட்டோ 120, லாண்ட்மாஸ்டர் 60, பெட்டியோடு உழவு இயந்திரம் 90, லொறி 40. கார் அலகில்: 400, 150, 120, 180, 405, 120. மொத்தம் 1,375. கழுத்தாக இருக்கும் ஒற்றைப் பாலம் மணிக்கு 400 அலகு விடும்.

ஊர் வளைகோட்டின்படி முதல் மணித்தியாலத்தில் 10 வீதம் புறப்படுகிறது, இரண்டாவதில் 40, மூன்றாவதில் 35, நான்காவதில் 15. முதல் மணித்தியாலத்தில் வந்த 138 அலகும் கடந்துவிடும். இரண்டாவதில் 550 வரும், 400 போகும், 150 வரிசையில் நிற்கும். மூன்றாவதில் 481 வந்து சேர 631 ஆகும், 400 போக 231 நிற்கும். ஒரு காருக்கு ஆறரை மீற்றர் வைத்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் வரிசை. நான்காவதில் 206 வந்து 437 ஆகும், 400 போக 37 மிஞ்சும். அது போக இன்னும் ஆறு நிமிடம். ஆகவே அறிவித்தலிலிருந்து 4 மணித்தியாலம் 6 நிமிடம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இதற்காகத்தான் இவ்வளவு பாடு.

பாலத்தை அகலமாக்கி மணிக்கு 800 விடச் செய்தால்? வரிசையே வராது. ஆனால் கடைசி வீடு நான்காவது மணித்தியாலத்தில்தான் புறப்படுகிறது. மிச்சம் ஆறு நிமிடம் மட்டுமே. சரி, பாலத்தை விட்டுவிட்டு அறிவித்தலைத் திருத்துவோம்: ஒலிபெருக்கி, கோயில் மணி, ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஒரு ஆள், சாமான்கள் முன்னரே கட்டியபடி. முதல் மணித்தியாலத்தில் 40 வீதம், இரண்டாவதில் மீதி 60. இப்போது 550 வந்து 150 நிற்கும், அடுத்து 825 வந்து 975 ஆகி 575 நிற்கும். அது தீர 1 மணித்தியாலம் 26 நிமிடம். மொத்தம் 3 மணித்தியாலம் 26 நிமிடம். நாற்பது நிமிடம் மிச்சம், ஆனால் வரிசை மூன்றேமுக்கால் கிலோமீற்றர். அந்த வரிசை பின்னால் உள்ள சந்தியை மூடினால் பக்கத்து ஊரும் மாட்டுப்படும்.

மூன்றாவது யோசனை. 90 உழவு இயந்திரமும் 60 லாண்ட்மாஸ்டரும் சேர்ந்து 585 அலகு. வாகனத்தில் பத்தில் ஒரு பங்கு, பாலத்தின் நேரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. குளம் நிரம்பி வருவது ஒரு நாளுக்கு முன்னரே தெரியும்தானே. அந்தப் பின்னேரம், வெளிச்சம் இருக்கும்போதே, நெல் மூடை, உடுப்பு, முதியோரை ஏற்றி இவற்றை மட்டும் அனுப்பிவிட்டால், இரவில் மிச்சம் 790 அலகு. திருத்திய அறிவித்தலோடு 316 வரும், போகும். அடுத்து 474 வரும், 74 நிற்கும், பதினொரு நிமிடத்தில் தீரும். மொத்தம் 2 மணித்தியாலம் 11 நிமிடம். ஒரு மூடை சீமெந்தும் செலவில்லை.

உங்கள் ஊரில் எந்த யோசனை வெல்லும் என்று நான் சொல்ல முடியாது. எண்ணிப் போட்டால் தாள் சொல்லும்.

ஒரு பாதுகாப்பு நேரமும் சேர்க்க வேண்டும். 2009 தை மாதம் எனக்குப் பதினொரு வயது. தர்மபுரத்துக்கும் விசுவமடுவுக்கும் இடையில் எங்கள் பெட்டிக்கு மேல் கட்டியிருந்த கூரைத் தகரத்தில் இருந்துகொண்டு முன்னால் பார்த்தபடி வந்தேன். ஒரு மதகின் நடுவில் முன்னுக்குப் போன லாண்ட்மாஸ்டரில் பெட்டியைப் பூட்டும் கொழுவி ஊசி கழன்றது. பெட்டி மூக்குக் குத்தி நின்றுவிட்டது. அதில் கதவு நிலை, தையல் மெசின், நெல் மூடை, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு ஆச்சி. ஆச்சியை இறக்கி, மூடையை இறக்கி, பத்துப் பேர் பிடித்துத் தூக்கி, ஊசிக்குப் பதிலாக ஒரு கம்பியை வளைத்துச் செருகி, திரும்ப ஏற்ற முக்கால் மணித்தியாலம். ஒரு விரல் மொத்த இரும்புத் துண்டு. மேலே போட்ட கணக்கில் வரிசை நிற்கும் நேரத்தில் அப்படி ஒன்று நடந்தால் 300 அலகு தேங்கும், 4 மணித்தியாலம் 6 நிமிடம் என்பது 4 மணித்தியாலம் 51 நிமிடம் ஆகிவிடும். ஆகவே ஒரு பழுதுக்கான நேரத்தையாவது கட்டாயம் கூட்டுங்கள். கழுத்துப் பாலத்தின் இரண்டு கரையிலும் ஒரு உழவு இயந்திரம், சங்கிலி, சில கொழுவி ஊசிகள், இரண்டு இளைஞர் நிற்க ஏற்பாடு செய்யுங்கள்.

வாகனம் இல்லாதவர்கள்தான் கடைசி

மேலுள்ள கணக்கில் வாகனம் உள்ளவர்கள்தான் வந்தார்கள். 4,000 பேரில் 600 பேருக்கு வாகனம் இல்லை என்று வையுங்கள். இ.போ.ச. பஸ் மூன்று கிடைக்கிறது, ஒன்றில் 50 பேர். பன்னிரண்டு நடை, ஒரு பஸ்ஸுக்கு நான்கு. பாதுகாப்பிடம் 12 கிலோமீற்றரில், மழையில் மணிக்கு 25 கிலோமீற்றர் ஓடினால் ஒரு வழி 29 நிமிடம். ஏற்ற 15, இறக்க 10. ஒரு சுற்று 83 நிமிடம். மூன்று முழுச் சுற்றும் நான்காவது நடையின் ஒரு வழியுமாக 5 மணித்தியாலம் 3 நிமிடம். பாலத்தில் வரிசை நின்றால் இதுவும் நீளும்.

ஊரின் உண்மையான எண் இதுதான். மோட்டார் சைக்கிள்காரர் நாலு மணித்தியாலத்தில் போய்விட்டார் என்று ஊர் வெளியேறியதாக எழுத முடியாது. எதிர்த்தடத்தையும் வெளியே போகும் திசைக்குத் திருப்பிவிடலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் இந்தப் பஸ்ஸைக் காட்டுங்கள்: அது வெறுமையாகத் திரும்பி வர எந்த வழி? பஸ் முதல் நடையை எந்த ஒழுங்கையிலிருந்து தொடங்குவது என்பதும் ஒரு முடிவு. நடக்க முடியாதவர்கள் உள்ள ஒழுங்கையிலிருந்து தொடங்குங்கள்.

பிறகு கணினி

கடதாசிக் கணக்கு ஒரு கழுத்துக்குப் போதும். பல ஊர்கள் ஒரே வீதியில் வந்து சேரும்போது, உதாரணமாக கண்டாவளைப் பக்கம் முழுவதும் ஏ35இல் ஏறும்போது, கணினி உதவும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடம், கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள், ஜேர்மன் விண்வெளி ஆய்வு மையம் உருவாக்கிய சூமோ என்ற போக்குவரத்து மென்பொருள் மூன்றும் இலவசம். பயிற்சிக் காணொளிகள் நிறைய உண்டு, நான் அவற்றைத் திருப்பி எழுதப் போவதில்லை. புதியவர்கள் தடுக்கி விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

வரைபடத்தை மாற்றும்போது இடப்பக்க ஓட்டம் என்ற தெரிவைப் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஏ9 முழுக்க வலப்பக்கத்தில் ஓடும். கிரவல் வீதிகளுக்கு மென்பொருள் தானாகக் கொடுக்கும் வேகம் நம் மாரிக்குப் பொருந்தாது, கையால் குறையுங்கள். ஒற்றைத் தடப் பாலத்தில் இரு பக்கமும் மாறி மாறிப் போவதை அதற்கு விளங்கப்படுத்த, பாலத்தின் இரு முனையிலும் ஒரு கற்பனைச் சமிக்ஞை விளக்கை வைத்து, உங்கள் எண்ணிக்கையோடு ஒத்துவரும்வரை நேரத்தை மாற்றுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம்: ஒரு வாகனம் 300 விநாடி அசையாமல் நின்றால் சூமோ அதைத் தூக்கி முன்னால் போட்டுவிடும். இயல்பான அமைப்பே அது. நெரிசல்தான் நாம் தேடுவது, அதையே அது அழித்துவிடும். அந்த எண்ணை −1 ஆக்கி நிறுத்திவிடுங்கள். நான் முதலில் ஓட்டிய மாதிரியில் ஊர் அதிசயமாக விரைவில் காலியானதற்குக் காரணம் இதுதான்.

ஒருமுறை ஓட்டிய விடையை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போகாதீர்கள். மென்பொருள் தற்செயல் மாற்றங்களுக்கு எடுக்கும் தொடக்க எண்ணை மாற்றிப் பத்துத் தடவையாவது ஓட்டி, மோசமான விடையைச் சொல்லுங்கள். அது கடதாசிக் கணக்கிலிருந்து வெகுதூரம் விலகினால், பிழை பெரும்பாலும் கணினியில் இருக்கும்.

போகச் சொல்லாதவர்களும் போவார்கள்

1979 மார்ச்சில் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்தின்போது, ஐந்து மைலுக்குள் இருந்த கர்ப்பிணிகளும் பாலர்களும், ஏறத்தாழ 3,500 பேர், போகலாம் என்று ஆளுநர் ஆலோசனை சொன்னார். போனவர்கள் ஏறத்தாழ 144,000 பேர். 2005இல் கத்ரினாப் புயல் வந்து ஒரு மாதம் ஆவதற்குள் ரீட்டா வர, ஹூஸ்டன் பக்கத்திலிருந்து 25 இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒன்றாக வெளிக்கிட்டு வீதியிலேயே ஒரு நாள் போலக் கிடந்தார்கள். அந்தப் பயணத்தில் இறந்தவர்களே நூறு பேரளவு. கத்ரினாவைப் பார்த்த பயம் அவர்களை எழுப்பியது. நமக்கும் பயத்துக்குக் காரணம் குறைவில்லை. ஆகவே தாழ்நிலத்துக்கு மட்டும் அறிவித்தல் என்றாலும், மேட்டுநில வீடுகளில் ஒரு பங்கும் வீதிக்கு வரும் என்று வைத்து இன்னொரு கணக்குப் போடுங்கள். மேட்டு வீடுகளுக்கு "நீங்கள் இருக்கலாம், உங்களிடம் ஆட்கள் வருவினம், அடுப்பை மூட்டி வையுங்கோ" என்று தனி அறிவித்தல் கொடுத்தால் அந்தப் பங்கு குறையும். வன்னியில் அது நன்றாக எடுபடும்.

தாளை ஒட்டுவது

கணக்கு முடிந்ததும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: வாகனம் உள்ளவர்களுக்கு இத்தனை மணித்தியாலம், பஸ்ஸில் போவோருக்கு இத்தனை, பழுதுக்கு இத்தனை, முதலாவது மதகு மூடும் நேரம் இன்னது. முதல் இரண்டில் நீண்டதோடு பழுது நேரத்தைக் கூட்டி, அதை மதகு மூடும் நேரத்திலிருந்து கழித்தால் அறிவித்தல் நேரம் வரும். அது நள்ளிரவில் விழுந்தால், முதல்நாள் பின்னேரம் என்று மாற்றி எழுதுங்கள். கிராம அலுவலர், பிரதேச செயலகத்து அனர்த்த அலுவலர், வான்கதவுக்குப் பொறுப்பானவர் மூவரிடமும் அதே தாளின் பிரதி இருக்கட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைப் பெரிய எழுத்தில் போடுங்கள். பொதுநோக்கு மண்டபச் சுவரில், மழைச்சாரல் படாத பக்கம் ஒட்டுங்கள்.

மூலையில் எந்த மாதம் எண்ணியது என்று எழுத வேண்டும். ஊரில் இந்த வருடம் இன்னும் பத்து உழவு இயந்திரம் வந்திருக்கும், இரண்டு வீட்டில் ஆச்சி படுக்கையில் விழுந்திருப்பா, யாரோ மதகுக் கரையில் கடை போட்டிருப்பார்கள். அடுத்த ஐப்பசிக்கு முன் கொப்பியோடு திரும்பவும் பாலத்தடிக்குப் போக வேண்டியிருக்கும்.